குழாய்த் தண்ணீரும் உப்பை வென்ற உத்தமரும்

உப்பை வென்ற உத்தமரே! உவர்நிலத்தின் உள்ளம் அறிந்த உயராய்வாளரே! பயிர் வேதியியலில் பழுதறியாப் பகலவரே! வணக்கம்.

முதல் விளி கேடயத்தில் பொறித்திருப்பது. பணி நிறைவு விழாக் குழு ஆர்வத்தில் ஜனவரியிலேயே பொறித்துவிட்டது. கரோல்பாக் கடைக்காரர் திருப்பி வாங்கமாட்டேன் என்கிறார். மூன்றாவதை ஐயாவே நேற்று நீக்கச் சொன்னார். மோனை கெடும் என்று விட்டுவைத்தோம்.

இனி முனைவர் ரங்கராஜனை ‘அவர்’ என்றே சொல்வோம். ‘நீங்கள்’ என்று விளித்தால் வரிக்கு வரி குறுக்கிட்டுத் திருத்துவார், பூரி ஆறிவிடும்.

சரோஜினி நகர்க் குவார்ட்டர்ஸிலிருந்து முப்பது ஆண்டுகள் ஒரே ஸ்கூட்டரில், ஒரே ப்ளாஸ்க்குடன் வந்தவர் அவர். ப்ளாஸ்க்கில் துணைவியார் ஜெயலட்சுமி அம்மையார் போட்ட காபி. கேன்டீன் பக்கம் அவர் எட்டிப்பார்த்ததே இல்லை. அதைத் தவம் என்று நாங்கள் போற்றினோம்.

உவர்மண்ணில் பயிர் படும் பாட்டை அவரளவு பரிவோடு விளக்கியவர் யார்! வேர்வழி நுழையும் சோடியத்தை, உப்புத் தாங்கும் பயிர் தன் செல்லுக்குள் இருக்கும் ஒரு பையில் தள்ளி அடைத்துவிடும், அலுவலகம் புகார்களை அலமாரியில் அடைப்பதைப் போல. அந்தப் பை தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொள்ளாமலிருக்க, பைக்கு வெளியே புரோலின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்து ஈடுகட்டும். உப்பு ஏற ஏறப் புரோலினும் ஏறும். அவர் கண்ட நெல்லிலோ, உப்பு ஊற்றிய தொட்டியில் மட்டுமல்ல, உப்பே ஊற்றாத தொட்டியிலும் புரோலின் ததும்பியது! வளர்த்தியிலும் இரண்டு தொட்டிக்கும் வித்தியாசமில்லை! பிறவியிலேயே கவசம் பூண்ட பயிர் என்று அறிவித்தார். கருத்தரங்குகள் கைதட்டின. வேதாரண்யத்து உவர்வயல்களுக்கு விதை மூட்டைகள் தயாராயின. ரகத்துக்கு அவர் பெயரையே சூட்டுவதாகப் பேச்சு.

பிப்ரவரியில் ப்ளாஸ்க் உடைந்தது. வேதாரண்யத்திலிருந்து வந்த ஆய்வு மாணவி காந்திமதி கேன்டீன் காபி வாங்கிவந்தார். ஒரு வாய் குடித்தவர் கோப்பையை வைத்துவிட்டார்.

“என்னம்மா இது? சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டானா?”

“இல்ல சார், போர்வெல் தண்ணியே அப்படித்தான். எங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு.”

“எந்த போர்வெல்?”

“இருக்கிறதே ஒண்ணுதான் சார். நம்ம தொட்டிக்கும் அதான்.”

“எந்தத் தொட்டிக்கு?”

காந்திமதி தரையைப் பார்த்தார். “உப்பில்லாத தொட்டிக்கு.”

அளவு பிசகக்கூடாதென்று, உப்புக் கரைசலை மட்டும் காய்ச்சி வடித்த நீரில் கலக்கச் சொன்னவர் அவரேதான். உப்பில்லாத தொட்டிக்குக் குழாய் நீர் போதுமென்றவரும் அவரேதான். ஆக, இரண்டு தொட்டியும் உப்பைத்தான் குடித்திருக்கின்றன.

அன்றிலிருந்து அவர் உட்காரவில்லை. இயக்குநர் அறை வாசல்வரை போவார். கதவைத் தொடாமல் திரும்புவார். தொட்டிகள் இருக்கும் கண்ணாடி அறைக்கு ஓடுவார். பூட்டைத் திறந்து, மறுபடி பூட்டுவார். வீட்டிலும் இதே நடைதான் என்று அம்மையார் தொலைபேசியில் அங்கலாய்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏப்ரலில் மாலை, மரியாதை, ரகத்தில் பெயர். வயல் காய்வது பிறகல்லவா தெரியும்!

பக்கத்து மேசை கோபாலன் ஆறுதல் சொன்னார்: “எதுக்கு சார் டென்ஷன்? பேசாம ஜல்தி ரிட்டயர் ஆயிடுங்க. அப்புறம் விவசாயி பாடு.”

“காந்திமதியோட அப்பாதான்யா அந்த விவசாயி!”

இரண்டு தொட்டிக்கும் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்தி, ஒன்றில் மட்டும் உப்புக் கலந்து மறுபடி வளர்த்தார். உப்பில்லாதது மளமளவென்று எழுந்தது. புரோலின் பேருக்குத்தான் இருந்தது. உப்புத் தொட்டியில் நாற்று நுனி கருகிக் குறுகி நின்றது. சாதாரண நெல்.

அன்று இயக்குநரின் கதவைத் தட்டினார். மூட்டைகள் கிடங்கோடு நின்றன. கருத்தரங்க மேடையில் தாமே ஏறி, “என் முடிவு தப்பு” என்றார். யாரும் கைதட்டவில்லை. காந்திமதி மட்டும் தட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஐயா, இப்போது நேரே சொல்கிறோம், திருத்தாமல் கேளுங்கள். விட்டுப்போன அந்தக் கைதட்டலையும் சேர்த்து இன்று தட்டுகிறோம். உடம்பில் உப்பும் சர்க்கரையும் ஏறாமல், முழங்கால் முரண்டு பிடிக்காமல், பேரப்பிள்ளைகள் வளர்ந்து உங்களைத் திருத்தும் காலம் தாண்டியும் அம்மையாரோடு நீடு வாழ்க!

இங்ஙனம்,
ஆய்வு நிறுவனத் தமிழ் ஊழியர்கள்
தில்லி, 30 ஏப்ரல் 2001

விழா முடிந்ததும் அனைவருக்கும் கேன்டீன் காபி உண்டு. ஐயா புது ப்ளாஸ்க் கொண்டுவந்திருக்கிறார்.