வெள்ளிக்கிழமை வழிபாடு தடையின்றி நடந்தது: கேத்தரின் அம்மையாருக்கு ஒரு மடல்

வெறுப்பின் வேரை ஏட்டிலும் வீட்டிலும் தேடி, வன்முறை வெடிக்குமுன் வழிமறித்து நின்ற வித்தகரே! மிரட்டலுக்கு மிரளாதவரே, புகழுரைக்கு மயங்காதவரே! பெங்களூரு தொம்மலூரில் இயங்கும் எம் தீவிரவாதத் தடுப்பு ஆய்வு மையத்தின் மூத்த ஆய்வாளராய் வீற்றிருந்து இன்று ஓய்வு பெறும் அருமைக் கேத்தரின் அம்மையீர், வணக்கம்!

உங்கள் ஆய்வேடுகளின் தலைப்புகளை அடுக்கினால் அவையோர் உறங்கிவிடுவர். ஆகவே, நடந்த ஒன்றைமட்டும் அவர்களை நோக்கிச் சொல்கிறோம். குறுக்கிடாமல் கேட்டருள்க!

அவையோரே! ரிச்சர்ட்ஸ் டவுனில் அம்மையார் வழிபடும் ஆலயத்தின் தமிழ் மாத இதழை நடத்தியவர் ஜெயராஜ் அவர்கள். வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அம்மையார் சிறுவயது முதல் ‘அண்ணா’ என்றழைப்பவர். சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்தில், உலகின் போர்களையும் நோய்களையும் யூதர்களே திட்டமிட்டுப் பரப்புவதாக அவ்விதழில் ஒரு தொடர் தொடங்கினார். அதில் கண்ட ‘சான்றுகள்’ யாவும் எப்போதோ பொய்யென நிறுவப்பட்டவை. அத்தகைய பொய்கள் தமிழுக்குள் எவ்வாறு நுழைகின்றன என்பதே அம்மையாரின் ஆய்வு. இப்போது அவை அவருடைய ஆலயத்துக்குள்ளேயே நுழைந்திருந்தன.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அம்மையார் நேரே ஜெயராஜ் வீட்டுக்குப் போனார்.

“நம்ம ஏரியால யூதரே இல்லியேம்மா. யாருக்கு நோகப் போகுது?” என்று சிரித்தார் ஜெயராஜ்.

“இல்லாதவங்கள பத்தி எழுதினா யாரும் வந்து சண்டை போட மாட்டாங்க. அதனாலதான் அண்ணா, இவ்ளோ ஈஸியா எழுத வருது.”

ஜெயராஜின் முகம் சிவந்தது. “உங்க ஆபீஸுக்கு வேலை வேணும்னு சர்ச்சுக்குள்ள டெரரிஸ்ட் தேடறியா?”

தொடர் நிற்கவில்லை. பாடற்குழுவில் பலர் அம்மையாரிடம் பேசுவதை நிறுத்தினர். மனம் வெந்தாலும் ஒரு ஞாயிறும் அவர் வராமலிருந்ததில்லை. இதழின் பெயரை அறிக்கையில் போட்டு உடைத்துவிடலாம் என்று நாங்கள் துடித்தோம். “பேரப் போட்டா அவர் வாயை மூடிப்பார். அப்புறம் அங்க யாரும் நம்மகிட்ட வாயத் திறக்க மாட்டாங்க” என்று மறுத்தார். எங்களுள் சிலர் அதைக் கோழைத்தனம் என்று கருதினோம்.

தொடர் முடிந்து சில மாதங்கள் சென்றபின், ஜெயராஜே தொலைபேசியில் அழைத்தார்.

நோயல் என்றொரு வாசகர்; உண்மைப் பெயரைத் தவிர்க்கிறோம். மென்பொருள் வேலையை இழந்து அறையில் அடைந்து கிடந்தவர். இத்தொடரைப் படித்துவிட்டு, இன்னும் எழுதச் சொல்லி அடிக்கடி வந்திருக்கிறார். அன்று, யூதப் பயணிகள் தங்கும் விடுதியொன்றின் படத்தைக் காட்டி, “நீங்க எழுதினீங்க. நான் செய்யறேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் எல்லாரும் ஒண்ணா ஜெபம் பண்ணுவாங்க” என்று சொல்லிப் போயிருந்தார்.

“கேத்தரின், நான் வெறும் எழுத்துன்னு நெனச்சேம்மா...”

அன்றே சொன்னேனே என்று அம்மையார் சொல்லவில்லை. “மொதல்ல போலீஸ், அண்ணா. கிளம்புங்க, நானும் வரேன்” என்றார்.

காவல் நிலையப் படியில் ஜெயராஜ் நின்றுவிட்டார். “என் பேரும் வருமே?”

“வரும். ஜெபம் பண்ண வர்றவங்க வீடு திரும்பணும். உள்ள வாங்க.”

ஜெயராஜ் உள்ளே போனார். தாம் எழுதியது உட்பட எல்லாவற்றையும் சொன்னார். நோயலின் அறையில் பெட்ரோல் நிரப்பிய புட்டிகள் அகப்பட்டன; அவர் கைதானார். அவ்வெள்ளியன்று விடுதி வாசலில் காவலர் நிற்க, வழிபாடு தடையின்றி நடந்தது. நாளேடுகளில் ஒரு வரிகூட வரவில்லை.

ஜெயராஜ் இதழின் முதற்பக்கத்தில் மறுப்பு எழுதினார். பின்னர் அம்மையார் அவரை அவ்விடுதிக்கு அழைத்துச் சென்றார். அதை நடத்தும் கொச்சி யூதப் பெண்மணி மலையாளம் கலந்த தமிழில், “எங்க ஆளுங்க ஒருத்தரையாச்சும் முன்னாடி கண்டிட்டுண்டோ, சாரே?” என்று கேட்டார். “இல்லம்மா,” என்றார் ஜெயராஜ். அப்பெண்மணி மன்னித்ததாகச் சொல்லவில்லை, தேநீர் தந்தார். இதையெல்லாம் தம் பெயருடனே வாசிக்க இசைந்து, ஜெயராஜ் இங்கே அமர்ந்திருக்கிறார்.

பிணையில் வந்த நோயலை நீதிமன்ற உத்தரவுப்படி அம்மையார் திங்கள்தோறும் சந்தித்தார். பல வாரம் அவர் வாயே திறக்கவில்லை. ஒரு நாள், “என்னைப் பாத்தா உங்களுக்குப் பயமா இல்லியா மேடம்?” என்றார். “இருக்கு. அதான் கதவுப் பக்கத்துல உக்காந்திருக்கேன்” என்றார் அம்மையார். அன்று நோயல் முதன்முதலாகச் சிரித்தார். அவர் திருந்திவிட்டார் என்று அம்மையார் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை. ‘பேசுகிறார்’ என்றே எழுதினார். வழக்கு இன்னும் நடக்கிறது.

அம்மையீர்! அச்சந்திப்புப் பொறுப்பை இனி ஏற்கும் எங்கள் ஆய்வாளர் ஷ்ரேயா சென்ற வாரம் உங்களுடன் வந்தபோது நோயல் கேட்டாராம்: “அடுத்த திங்கக்கிழமை இவங்க மட்டும்தானா?” “ரெண்டு பேரும் வருவோம். எனக்கு ரிட்டையர்மென்ட் ஆபீஸ்லேருந்துதான்” என்றீர்களாம்! விழா எடுத்தும் உங்களை முழுதாக விடைகொடுத்து அனுப்ப எங்களால் இயலாது போலும். நலம் குன்றாது, நா தளராது, நெடுநாள் வாழ்க! திங்கட்கிழமை வண்டி உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்.

இங்ஙனம்,
உங்கள்மேல் அன்பு மாறாத
மையத்துப் பணியாளர்கள்,
பெங்களூரு.