ஒன்றின் மூக்கு எந்தப் பக்கம்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு எண் ஆகியவை பதிவேட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளன. வயது ஐம்பத்து நான்கு. பழைய வெளிநாட்டுக் கார்களைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். நேற்று காலைவரை இந்த வழக்கில் சந்தேக நபராக இருந்தேன், இன்று சாட்சி. இந்த வரியை மட்டும், இதை எழுதும் தலைமைக் காவலர் அம்மாவை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

சம்பந்தப்பட்ட கார் இத்தாலியில் செய்தது. என்னைவிட ஒரு வயது மூத்தது. இரண்டு இருக்கை, நான்கு லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர், ஐந்து கியர். என்ஜின் முன்னால் இல்லை. இருக்கைக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும். சொந்தக்காரர் கண் டாக்டரம்மா. அவருடைய கணவர் காலமானதிலிருந்து பத்தொன்பது வருடமாக அதை நான்தான் பார்த்துவருகிறேன். அது குடித்த பெட்ரோலைவிட என் உயிரைக் குடித்ததுதான் அதிகம்.

சென்ற திங்கட்கிழமை காலை, காரை விற்பதற்காக டாக்டரம்மா ஒரு மதிப்பீட்டாளரை வீட்டுக்கு வரவழைத்தார். நானும் உடன் இருந்தேன். அவர் பின்மூடியைத் தூக்கி, வால் பக்கமாகக் குனிந்து, என்ஜினின் மேல்முகத்தில் பொறித்திருந்த எண்ணை போன் விளக்கில் படித்தார். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் 9061 என்றும் என்ஜினில் 1906 என்றும் சொன்னார். அதன் பின்னர், காரோடு பிறந்த என்ஜின் என்றால் ஒன்பது கோடி போகும், மாற்றிய என்ஜின் என்றால் மூன்றுகூடத் தேறாது என்றார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "என்ஜின எடுத்து வித்துட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். எனக்கு வாயடைத்துப்போனது. அதையே ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு அன்று மாலையே புகார் கொடுத்துவிட்டார்.

அதன் பின்னர் நிலையத்தில், இத்தனை வருடம் நான் பார்த்த என்ஜினில் என்ன எண் இருந்தது என்று என்னைக் கேட்டார்கள். தெரியாது என்றேன். ஆய்வாளர் ஐயா சிரித்தார். உண்மையிலேயே தெரியாது. அந்த என்ஜினை மூன்று முறை அக்கக்காகப் பிரித்து மாட்டியிருக்கிறேன், நான்காவது சிலிண்டர் காலையில் கொஞ்சம் இருமும் என்பது தெரியும், எண்ணைப் படித்ததில்லை. பெற்ற பிள்ளையை யாரும் நம்பர் பார்த்துத் தூக்குவதில்லை. பட்டறையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் என் மனைவி, "நீங்க எடுத்திருந்தா இந்நேரம் எங்கிட்ட உளறியிருப்பீங்க. அதனால எடுக்கல" என்றார். அந்த மூன்று நாளும் எனக்கிருந்த ஒரே சாட்சி அவர்தான்.

நேற்று வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆய்வாளர் ஐயா எங்கள் எல்லோரையும் டாக்டரம்மா வீட்டுக் கார் கொட்டகைக்கு வரச் சொன்னார். தலைமைக் காவலர் அம்மா வண்டித் திருட்டுப் பிரிவில் இருந்தவர். எண்ணைக் கண்ணால் படித்து எழுதும் வழக்கம் அவருக்குக் கிடையாதாம். என்ஜின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணை அப்படியே நகல் எடுத்தார். அதன் பின்னர் தாளை வெளிச்சத்தில் பிடித்து, "சார், இந்த ஒண்ணோட மூக்கு ஏன் கீழ இருக்கு?" என்று கேட்டார். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். 9061 என்று இருந்தது. மதிப்பீட்டாளர், "மத்த வண்டியெல்லாம் நின்ன எடத்துலேர்ந்தே படிச்சிடலாங்க" என்று முனகினார். இந்தக் காரில் எண் இருக்கைப் பக்கம் பார்த்துப் பொறித்திருக்கிறது. வாலிலிருந்து படித்தால் தலைகீழ்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேன் என்று ஆய்வாளர் ஐயா சொல்கிறார். அழுததாகத்தான் எனக்கு நினைவு. மூன்று நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது, அது நிச்சயம். பட்டறைச் சாவியை அங்கேயே கையில் கொடுத்தார்கள்.

அதன் பின்னர் டாக்டரம்மா பக்கத்தில் வந்து நின்றார். "தெனம் நாப்பது பேருகிட்ட, எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு கேக்குறேன் தம்பி. நான் ஒரு தடவ குனிஞ்சு பாக்கல" என்றார். பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. பட்டறையைத் திறக்கப் போய்விட்டேன்.

யார்மீதாவது புகார் உண்டா என்று இன்று என்னைக் கேட்டார்கள். மதிப்பீட்டாளர்மீது இல்லை; அவரை அந்தக் கார் ஏமாற்றிவிட்டது. டாக்டரம்மாமீது உண்டு. ஆனால் அது நிலையத்தில் எழுதக்கூடிய புகார் அல்ல. நானே அவர் வீட்டுக்குப் போய், நேருக்கு நேர் சொல்லிக்கொள்கிறேன்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான், சேர்க்கவும் நீக்கவும் ஒன்றுமில்லை. யாரும் மிரட்டாமல் என் மனதார ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)