குத்துச் சத்தத்துக்கும் விழுவதற்கும் நடுவில்

"குத்திட்டான்! படுங்கோ!"

படுக்கிறேன். முகம் மணலில். தம்பி சீலன் என் வயிற்றுக்கு அடியில். அவனுக்கு ஆறு வயது. எனக்குப் பத்து. 2009 ஏப்ரல். வலைஞர்மடம். ஒரு பக்கம் கடல். மற்ற எல்லாப் பக்கமும் ஷெல்.

முதலில் தூரத்தில் ஒரு 'டும்'. அதுதான் குத்துச் சத்தம். ஷெல் குழலை விட்டுக் கிளம்பும் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. பிறகு காற்றைக் கிழிக்கும் கூவல். பிறகு விழும். குத்துவதற்கும் விழுவதற்கும் நடுவில் சின்ன நேரம் ஒன்று உண்டு. உயிர் தப்பியவர்கள் எல்லாரும் அந்த நேரத்துக்குள் எதையாவது செய்தவர்கள்தான்.

கத்தியவர் வதனியின் அப்பா. வதனி என்னோடு படித்தவள். பக்கத்துப் பங்கர், அதாவது பதுங்குகுழி, அவர்களுடையது. மேலே பனங்குற்றி அடுக்கியிருந்தார்கள். எங்கள் பங்கரில் அம்மாவின் கூறைச்சேலையை வெட்டித் தைத்த மண்மூட்டைகள். தையல் வழியே மணல் கசியும். எனக்கு அப்போதே பொறாமை. குற்றிகள்மேல் கொஞ்சம். வெளியே நின்று, காது கொடுத்து, கத்துவதற்கு அவளுக்கு ஓர் அப்பா இருந்ததன்மேல் நிறைய. எங்கள் அப்பா வரும் வழியில், விசுவமடுவில் முடிந்துபோயிருந்தார்.

அன்று அம்மா கஞ்சி வரிசையில் நிற்கிறார். வரிசை தூரம். சத்தம் அங்கே போகவில்லை. வதனியின் அப்பா கத்திக்கொண்டே வரிசையை நோக்கி ஓடினார். "படுங்கோ! அக்கா, படுங்கோ!"

விழுந்தது. இரண்டு பேரும் திரும்பி வரவில்லை.

இப்போது மலேசியாவில் கிள்ளான். நான் கட்டடங்களில் தீ எச்சரிக்கை மணி பொருத்தும் ஒரு சின்னக் குத்தகைக்காரரிடம் வேலை செய்கிறேன். கம்பி வரைபடம் போடுவேன், மணியைச் சோதிப்பேன். சீலன் பண்டமாரானில் ஒரு கிடங்கில் மூட்டை இறக்கினான். எங்கள் இருவரிடமும் ஐ.நா. தந்த அகதி அட்டை உண்டு. இந்த நாட்டுச் சட்டத்தில் அகதி என்று ஓர் ஆள் இல்லை.

இந்த ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை குடிவரவு அதிகாரிகள் கிடங்குக்குள் வந்தார்கள். நடந்ததை லோரி ஓட்டும் குமார் அண்ணன் சொன்னார்.

"லோரி பின்கதவு டமார்னு விழுந்துச்சும்மா. அதே நேரம் அவங்க உள்ள வந்துட்டாங்க. எல்லாரும் பின்பக்கமா ஓடிட்டாங்க. உன் தம்பி மட்டும் கீழ படுத்துட்டான்லா! காதப் பொத்திக்கிட்டு, வாயத் தொறந்துக்கிட்டு. 'டேய், ஓடுடா'ன்னு தொண்ட கிழியக் கத்துனேன். எந்திரிக்கவே இல்ல."

காதைப் பொத்த வேண்டும், அதிர்ச்சியில் செவி கிழியாமல் இருக்க. வாயைத் திறக்க வேண்டும், நுரையீரலுக்காக. எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருக்கிறான். அவனைத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். துரத்த வேண்டிய வேலைகூட இல்லை.

தடுப்பு முகாம். வெள்ளிக்கிழமை விமானத்தில் ஏற்றப்போவதாகச் செய்தி வந்தது. அவனைத் திருப்பி அனுப்பினால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: எங்கள் மாமாவை இலங்கையில் புலனாய்வுக்காரர்கள் இரண்டு தடவை தேடி வந்து, சீலன் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள்.

வதனி ஐரோப்பாவில் இருக்கிறாள். போன வருடம் அவளுடைய கணவனையும் இப்படித்தான் பிடித்தார்கள். பயணச்சீட்டுப் போட்டாயிற்று. வழக்கறிஞர் காலையில் ஒரு மனு அனுப்பினார். அந்தக் கண்டத்து நாடுகளுக்கெல்லாம் மேலே ஒரு மனித உரிமை நீதிமன்றம் உண்டு. மாலையில் பதில் வந்தது. வழக்கைப் பார்த்து முடிக்கும்வரை இந்த ஆளை ஏற்றாதே. அவ்வளவுதான் பதில். விமானம் அவன் இல்லாமல் போனது.

அப்போது வதனி அழுதுகொண்டு குரல் செய்தி அனுப்பினாள். "எடியே, நிப்பாட்டிட்டாங்களடி!" நான் பூ படம் ஒன்று பதிலாக அனுப்பினேன். பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

சீலனின் விமானச் செய்தி வந்த அன்றே நானே அவளை அழைத்தேன். 

"உங்கட பக்கமும் அப்பிடி ஒரு கோடு இருக்குமடி. வடிவாத் தேடிப் பார்." எங்கள் ஊர்ப் பேச்சில் கோடு என்றால் நீதிமன்றம்.

தேடினேன். ஐரோப்பா: தனியாள் நேரே போகலாம். அமெரிக்கக் கண்டங்கள்: முதலில் ஆணையம், அடுத்து நீதிமன்றம். ஆப்பிரிக்கா: நீதிமன்றம் உண்டு, நேரே போகும் வழி சில நாட்டவருக்கு மட்டும். அந்தச் சில நாட்டவர்மேலும் பொறாமைப்பட்டேன். தென்கிழக்கு ஆசியா: ஓர் ஆணையம் இருக்கிறது. மனம் துள்ளியது. ஓடினேன்.

பிரிக்பீல்ட்ஸில் வழக்கறிஞர் தனலட்சுமி அக்காவின் அலுவலகம், ஒரு பூக்கடைக்கு மேலே. சீலனுக்காகக் காசு வாங்காமல் வழக்குப் போட்டவர் அவர். 

"அக்கா, ஆணையத்துக்கு எழுதுவோமா?"

"எழுதலாம்மா. அவங்க கூடுவாங்க, பேசுவாங்க, வரிசையா நின்னு படம் எடுப்பாங்க. ஒரு ஆளோட கேஸ எடுத்துத் தீர்ப்பு சொல்ற அதிகாரம் அவங்களுக்குக் குடுக்கவே இல்ல. பிளேன நிப்பாட்டுன்னு சொல்ல அங்க ஆள் இல்லம்மா."

"அப்ப அவங்க எதுக்கு?"

"எங்கிட்ட கேக்குற? நான் பதினஞ்சு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன்லா." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "இங்க ஹைகோர்ட்ல அவசரம்னு போட்டிருக்கேன். தேதி திங்கக்கிழமை குடுத்திருக்காங்க."

விமானம் வெள்ளி. வழக்கு திங்கள்.

இந்தத் தெருவிலேயே ஒரு பழைய கட்டடத்தில் மணி சோதிக்கப் போயிருக்கிறேன். சிவப்பு மணி, பளபளப்பாக, ஒவ்வொரு மாடியிலும். ஒன்றைக் கழற்றினேன். பின்னால் வெறும் சுவர். கம்பியே இழுக்கவில்லை. குடியிருப்பவர்கள் அதை நம்பித் தூங்குகிறார்கள். அக்காவின் படிகளில் இறங்கும்போது அந்தச் சுவர்தான் கண்ணில் நின்றது.

ஆனாலும் ஆணையத்துக்கு எழுதினேன். வதனியின் வழக்கறிஞர் எழுதிய அதே ஒழுங்கில். பெயர், ஆபத்து, விமான நேரம், சான்றுகள். அனுப்பினேன். கிடைத்தது என்றுகூடப் பதில் வரவில்லை.

வியாழன் மாலை வதனி அழைத்தாள். 

"என்னடி, ஏதும் வந்ததே?"

"இல்லை."

"இஞ்சையும் எல்லாருக்கும் தடை குடுக்கிறேல்லயடி. கனபேருக்கு இல்லை எண்டுதான் வாறது."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். என் வாய் முந்திக்கொண்டது. "எனக்கு இல்லை எண்டு சொல்லக்கூட ஒருத்தரும் இல்லையடி. அப்பவும் உனக்குத்தான் கத்த ஆள் இருந்தது. இப்பவும் உனக்குத்தான்."

மறுமுனையில் கரண்டி ஒன்று பாத்திரத்தில் தட்டும் ஒலி மட்டும். அவளுடைய கணவன் சமைக்கிறான்.

பிறகு சொன்னாள். "என்ர அப்பா உன்ர அம்மாவுக்குத்தானே கத்திக்கொண்டு ஓடினவர்."

கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பொறாமை போகவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை. விமான நிலையத்தில் என்னை உள்ளே விடவில்லை. வெளியே நிற்கிறேன். விமானங்கள் எழுகின்றன. எதில் அவன் என்று தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து பார்க்கிறேன். எழும்போது எல்லாம் ஒரே சத்தம்.

திங்கட்கிழமை தனலட்சுமி அக்கா நீதிமன்றத்தில் எழுந்து நின்றார். விடுவிக்கச் சொல்ல அந்த ஆளே இப்போது இந்த நாட்டில் இல்லை என்றது அரசுத் தரப்பு. வழக்கு முடிந்தது.

எண்ணிக்கை.

அப்பா, விசுவமடு. அம்மா, வலைஞர்மடம். வதனியின் அப்பா, அதே இடம், அம்மாவுக்குக் கை எட்டும் தூரத்தில். கூறைச்சேலை ஒன்று, மண்மூட்டைகளாக. வதனியின் கணவன் இந்தக் கணக்கில் இல்லை. அவனை ஒருவர் நிறுத்தி வைத்தார்.

சீலன் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதாக மாமா கேள்விப்பட்டார். அதோடு சரி. அவனுடைய தொலைபேசி அணைந்திருக்கிறது. நான் அழைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆட்கள் மொத்தம் மூன்று. சீலனைக் கூட்டவில்லை. விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கவில்லை.