பெரிய கட்டா போடச் சொல்லு

நாளைக்கா ஒனக்கு ஆபரேசன்? முட்டிதானே? ஓட்ட போட்டு, உள்ள கேமரா வுட்டு பண்றதா? அதான் தங்கச்சி எனக்கும் பண்ணாங்கோ, இந்த வலது கால்ல. பயப்படாத. முதுவுல ஊசி போட்டா இடுப்புக்குக் கீழ ஒன்னும் தெரியாது. டிவில நம்ம முட்டிக்குள்ள நம்மளே பாக்கலாம். உரிச்ச எறா கணக்கா வெள்ளையா இருந்திச்சி.

ஆனா மின்னாடியே டாக்டராண்ட வாயத் தொறந்து கேளு. ஜவ்வு கிழிஞ்சிக்கீதா, இல்ல எலும்பு தேஞ்சிக்கீதான்னு. தேஞ்சதுக்கு இந்த ஓட்டையால பெருசா ஒன்னும் ஆவாதாம். எனக்கு ஜவ்வு, அதனால பண்ணாங்கோ. சுகர் கீதா ஒனக்கு? அப்ப அத்த மொதல்ல சொல்லிடு. எனக்கும் கீது, அத்தக் கொறச்சிட்டுதான் கத்தியே வெச்சாங்கோ. அப்பறம் ஊட்ல ஆரு சோறு பொங்கறது, ஆரு தண்ணி தூக்கறதுன்னு இங்கயே பேசி முடிச்சிக்கினு போ.

இன்னொன்னு, சிரிக்காத. கட்டு போடச்சொல்ல பெரிய கட்டா போடச் சொல்லு. தொடையிலேர்ந்து கணுக்கால் வரிக்கும்.

ஏன்னா? நான் நொச்சிக்குப்பத்துல மீன் விக்கறவ. தேவானைன்னா ரோட்டோரம் அல்லாருக்கும் தெரியும். கால் நெறைய கட்டோட ஊட்டுக்குப் போனனா, எங்கூட்டுக்காரு வேலு டீ வாங்கியாந்து கைல குடுத்தாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அன்னிக்கித்தான். மருமவ அன்புச்செல்வி காலுக்கு அடில தலவாணி வெச்சா. கட்டப் பிரிச்சி சின்ன பிளாஸ்திரி ஒட்னாங்கோ பாரு, அத்தோட எல்லாம் முடிஞ்சிது. ரெண்டே ரெண்டு புள்ளி. நண்டு கடிச்சாப்ல. இதுக்கா இம்மா நாளு படுத்துகினுகீறன்னாரு. கோவமாக்கூட இல்ல, சிரிச்சிகினே. பக்கத்துக் கடைக்காரி வந்து பாத்துட்டு, புடவைய நவுத்தி அவ சிசேரியன் தையலக் காட்டிட்டுப் போனா. நான் இன்னாத்தக் காட்றது? வேலையெல்லாம் உள்ளதானே கீது.

குந்தாத, புண்ணுல தண்ணி பட்டுடப் போவுதுன்னு டாக்டரு தெளிவாத்தான் சொல்லி வுட்டாரு. நானும் ஊட்ல சொன்னேன். ஆரு கேட்டா? ஒரு ஞாயித்துக்கெழம வஞ்சிரம் நல்லா மாட்டிச்சி, கூட்டம் நிக்கிது, மீன் ஆஞ்சி குடுக்க ஆளில்ல. கொஞ்ச நேரம் வந்து குந்துன்னாரு. மாட்டேன்னேன். மருமவ மூஞ்சத் தூக்கிக்கினா. போய் அருவாமண மின்னாடி குந்தனேன். மீன் தண்ணில முட்டியெல்லாம் ஊறிப் போச்சி.

ரெண்டு நாள்ல குளிர் ஜொரம். முட்டி வீங்கி, தொட்டா கொதிக்கிது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா, மறுபடி படுக்க சாக்கு தேடறான்னு மாத்திர வாங்கியாந்து குடுத்தாங்கோ. நீ அப்பிடி இருந்துடாத. வீங்கி சூடாச்சின்னா ஆரையும் கேக்காத, ஆட்டோ புடிச்சி நேரா இங்க வந்துடு.

ஒங்கூட்டுக்காரு எங்க? இட்லி வாங்கப் போயிக்கீறாரா. நல்ல மன்சன். அவராண்டயும் சொல்லி வெய்யி. ஒனக்கு நல்லா ஆயிடும்.

எனக்கா? எனக்கும் நாளைக்குத்தான், ஒனக்கு அப்பறம். சீழு எலும்பு வரிக்கும் எறங்கிட்சாம். காலத் தொடையோட எடுத்துடணும்னுட்டாங்கோ. இந்த வாட்டி கட்டு பெருசாத்தான் இருக்கும். அதோ பாரு, படிக்கட்டாண்ட நின்னு அழுவறாரே, அவுருதான் வேலு. இப்பதான் நம்பறாரு.