ஒற்றைக் கையால் திறக்கும் கத்தி

மேடம், பல்லால் நூலைக் கடிக்காதீர்கள். கேஸ் கட்டை மூடிக் கட்டிவிட்டு அந்த வெள்ளை நூலின் நுனியை நீங்கள் கடித்துத் துப்பியபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கேட்டீர்கள். எப்போதும் மடக்குக் கத்தி வைத்திருக்கிறாயாமே எழில்மொழி, எனக்கும் ஒன்று வேண்டும், எது நல்லது, எழுதி அனுப்பு என்று. சப்-இன்ஸ்பெக்டர் ஹமீதா பானு கேட்டு யாராவது மறுப்பார்களா. எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். கத்தி என்னவோ சின்னதுதான்.

விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். யூடியூபில் தாடி வைத்த ஆண்கள் முன்கை முடியைச் சிரைத்துக் காட்டி இதுதான் கூர்மை என்பார்கள். முன்கை முடியைச் சிரைக்கும் அவசரம் நமக்கு எந்த நாளும் வருவதில்லை. எனக்கு வருவது சாக்குத் தையல், நைலான் கயிறு, விதை மூட்டை. உங்களுக்குத் தூக்கு மாட்டியவன் கழுத்துச் சேலை. எல்லாம் ஈரத்தில், இருட்டில், இன்னொரு கை வேறெதையோ பிடித்திருக்கும்போது வருகிற வேலை.

அதனால் துருப்பிடிக்காத இரும்பு வாங்குங்கள். நம் ஊரில் ஐப்பசி பிறந்தால் சுவரே வியர்க்கிறது, கத்தி எம்மாத்திரம். லாக் இருக்க வேண்டும். திறந்த பிறகு முதுகுப் பக்கத்தை மேசையில் தட்டிப் பாருங்கள், மடங்கினால் அது கத்தி இல்லை, உங்கள் விரலுக்கு வைத்த பொறி. பையில் செருக கிளிப் வேண்டும். இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. என்னுடையதைத் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மீரா உசேன் என்பவரிடம் வாங்கினேன். பூட்டும் நகவெட்டியும் விற்கிறவர். என் கையைப் பிடித்து வாளித் தண்ணீரில் முக்கிவிட்டு, "கண்ண மூடும்மா. ஒத்தக் கையால தொற. பத்துக்குப் பத்து தொறந்தா வாங்கு, இல்லன்னா வேற கட பாரு" என்றார். பத்துக்குப் பத்து திறந்தது. ஒன்பதாவதில் கொஞ்சம் விரலை வெட்டிக்கொண்டேன், அது கணக்கில் வராது என்றார். மிச்சச் சில்லறையையும் கத்தியையும் என் கையில் கொடுக்காமல் கண்ணாடிப் பலகை மேல் வைத்தார். சில்லறையை வைத்தது கைப்பழக்கம், கத்தியை வைத்தது வேண்டுமென்றே. கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வருமாம்.

செத்துப்போன வெங்கட்ராகவனுக்கும் கத்திமேல் ஆசை உண்டு. அவரை நீங்கள் பிணமாகத்தான் பார்த்தீர்கள் என்பதால் சொல்கிறேன், நல்ல மனிதர். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, முதுகுவலி வந்து, அதற்கு மருந்து விவசாயம் என்று யாரோ சொல்ல, நாற்பத்திரண்டு வயதில் மனைவியை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர். அவருடைய அப்பா நாணுவுக்கு இங்கே மூன்று வேலி நிலம். அதில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், என் அப்பா வீரையன் குத்தகைக்குச் செய்தது. குத்தகைப் பதிவேட்டில் எங்கள் பெயர் இருக்கிறது. எங்கள் தெருவில் கூலிக்குப் போகாமல் தானே அறுத்த நெல் வந்து இறங்கிய வீடு எங்களுடையது ஒன்றுதான். அந்த நெல்லில் நான் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தேன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம். அந்தக் கர்வம் எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன்.

நாணு எங்கள் கையில் எதையும் கொடுத்ததில்லை. ரசீதானாலும் பொங்கலுக்கு வேட்டியானாலும் படியில் வைப்பார், அப்பா குனிந்து எடுத்துக்கொள்வார். மகன் அப்படி இல்லை. டீயைக் கையில் கொடுத்தார். சாமி என்று கூப்பிட வேண்டாம், வெங்கட் என்றே சொல்லுங்க வீரையன் என்றார். அப்பாவைவிட பதினைந்து வயது சின்னவர், பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார், ஆனால் 'ங்க' போட்டார். அந்த 'ங்க'வுக்கே அப்பா அரை அங்குலம் வளர்ந்துவிட்டார்.

என்னை வேலைக்கும் வைத்தார். பாரம்பரிய அரிசியைப் பொட்டலம் போட்டு ஆன்லைனில் விற்கிற வேலை. என் பதவி ஆபரேஷன்ஸ் மேனேஜர். ஆபரேஷன் என்றால் சாக்குப் பிரிப்பது. பொட்டலத்தில் போட ஒரு மாட்டுப் படம் தேவைப்பட்டதால் உம்பளச்சேரி இனக் காளை ஒன்றை வாங்கினார். தினமும் காலை பத்து மணிக்கு அதை வாய்க்காலுக்குக் குளிப்பாட்ட ஓட்டிப்போவார். கயிற்றை இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, வலது கையில் போனை வைத்து வீடியோ எடுப்பார்.

தடுப்பூசி போட வந்த பாத்திமா அதைப் பார்த்தாள். ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டருக்குப் படித்தவள், என் வயதுதான்.

"சார், கயித்தக் கையில சுத்தாதீங்க. மாடு மெரண்டுச்சுன்னா கை உங்களுது இல்ல, அதோடது. கேக்க மாட்டீங்கன்னா, ஒத்தக் கையால தொறக்குற கத்தி ஒண்ணு பையில போட்டுக்குங்க. அறுத்தாவது விட்டுறலாம்."

அவர் மகிழ்ந்துபோய், இதை அப்படியே ஒருமுறை கேமராவுக்குச் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். அந்த வீடியோவை எடிட் செய்தது நான். 'ஒத்தக் கையால' என்பது வெட்டுப்பட்டுவிட்டது. அப்போது நேரம் போதாமல்தான் வெட்டினேன், வேறு எண்ணமில்லை.

அவர் மனதில் நின்றது கத்தி மட்டும். ஒரு மாதம் அதே வேலை. எவ்ரிடே கேரி என்று பெயராம், அன்றாடம் கூடவே கொண்டுபோவது. எங்கள் ஆட்கள் இடுப்பில் கருக்கரிவாளைச் செருகிக்கொண்டு காலங்காலமாகப் போகிறார்கள், யாரும் அதற்குப் பெயர் வைத்து வீடியோ போட்டதில்லை. கடைசியில் மூன்று கத்திகளைப் பொறுக்கி என் போனுக்கு அனுப்பினார். "நீ டெய்லி யூஸ் பண்றவ எழில். நீ எதச் சொல்றியோ அதத்தான் வாங்குவேன்" என்றார். அது வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை காலை நான் பொட்டலம் ஒட்டிக்கொண்டிருந்த அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா, அவர்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெங்கட்ராகவன் ஒரு கையால் டீயும் மறு கையால் பேனாவும் கொடுத்தார். அப்பாவுக்குக் கண் கலங்கியிருந்தது. டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் போன பிறகு கிளாஸை எடுக்கப் போனேன். மேலே இருந்த தாளைப் படித்தேன். குத்தகை உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம். ஆறு மாவும். கீழே வீரையன், கோணல் எழுத்தில்.

அப்பா ஐந்தாம் வகுப்பு. எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். ஆக, படிக்காமல் போட்டிருக்கிறார். கையில் கொடுத்தார்கள் என்பதற்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எல்லாவற்றையும் படியில் வைத்த நாணு இருந்தவரை நிலம் எங்களிடம் இருந்தது. எல்லாவற்றையும் கையில் கொடுத்த மகன் வந்தார், நிலம் போய்விட்டது. ஒரு டீ, ஒரு 'ங்க', ஆறு மா.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டிருக்கலாம். படிக்காமல் போட்டவரிடம் என்ன கேட்பது. தாலுகா ஆபீஸில் ஆட்சேப மனு போடலாம், அந்த வழியும் எனக்குத் தெரியும், பட்டதாரி ஆயிற்றே. மனு முடிய ஆறு மாதம் ஆகும். கத்தி மூன்று நாளில் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அவ்வளவு கவனமாக நான் பரீட்சைக்குக்கூடப் படித்ததில்லை. இரண்டு, ஒற்றைக் கையால் திறப்பவை. மூன்றாவது அழகு. ஈட்டிமரப் பிடி, பித்தளைப் பூண், இடுப்பில் கட்டத் தோல்வார். அலகில் ஒரு சின்னப் பள்ளம், அதில் நகத்தைக் கொடுத்து இன்னொரு கையால் பிடியைப் பிடித்து இழுக்க வேண்டும். ஸ்பிரிங் ரொம்பக் கடுமை என்று வாங்கியவர்கள் திட்டி எழுதியிருந்தார்கள். இரண்டு கை வேண்டும், நகமும் வேண்டும். வெங்கட்ராகவனுக்கு நகம் கடிக்கும் பழக்கம்.

திங்கட்கிழமை, மூன்றாவதை வாங்குங்க சார், உங்க கைக்கு அதுதான் அழகா இருக்கும் என்றேன். வியாழக்கிழமை வந்தது. மனைவி அம்ருதாவுக்கு வீடியோ காலில் காட்டினார். திறக்கச் சிரமப்பட்டார். புதுசு சார், பழகப் பழக இளகிரும் என்றேன். எண்ணெய் போடலாமா என்று கேட்டார். வேண்டாம், மரம் கறுத்துவிடும் என்றேன்.

இதோடு நின்றிருந்தால் நான் தப்பான கத்தி சொன்ன ஆள், அவ்வளவுதான். அதற்குச் சட்டத்தில் தண்டனை இல்லை என்று நினைக்கிறேன், இருந்தால் யூடியூபில் பாதிப் பேர் உள்ளே இருப்பார்கள். நான் தினமும் பத்து மணிக்கு அவரோடு வாய்க்காலுக்குப் போனேன். வீடியோ எடுக்கக் கூட ஒரு ஆள் இருந்தால் நல்லதுதானே.

பன்னிரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. அதுவரை முழங்கால் அளவே கிடந்த எங்கள் வாய்க்காலுக்கு மேட்டூர்த் தண்ணீர் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ரோட்டில் ஒரு சவ ஊர்வலம் பறையோடு போனது. நாங்கள் நின்ற மதகுக்கு நேராக வந்ததும் வேட்டுப் போட்டார்கள். காளை ஒரே தாவில் தண்ணீரில் விழுந்து எதிர்க்கரையைப் பார்த்து நீந்தியது. அவரும் கூடவே போனார். கயிறு மதகு ஷட்டரின் இரும்புக் காலைச் சுற்றி வளைந்து நின்றது. ஒரு பக்கம் காளை, மறுபக்கம் அவர், அவருடைய மணிக்கட்டு தண்ணீருக்குள் இரும்போடு இரும்பாக. மாடு இழுத்தால் தலை உள்ளே போனது. தளர்ந்தால் வெளியே வந்தது.

பாராட்ட வேண்டும், அந்த அவசரத்திலும் கத்தி ஞாபகம் வந்தது அவருக்கு. எடுத்தார். ஒரு கையால் அந்தப் பள்ளத்தைத் தடவித் தேடினார். பிறகு அலகைப் பல்லால் கடித்து இழுத்தார். நீங்கள் நூலைக் கடித்தபோது சங்கடமாக இருந்தது என்றேனே, இதனால்தான். வரவில்லை. விட்டுவிட்டார், தோல்வாரில் தொங்கியது. பிறகு மதகுப் படியில் நின்ற என்னைப் பார்த்தார்.

"எழில், உன் கத்தி. குடு."

வலது கையை நீட்டினார். நான் என் கத்தியை எடுத்து ஒற்றைக் கையால் திறந்தேன். லாக் விழுந்த சத்தம் சுத்தமாகக் கேட்டது. கத்தியை யாரும் கையில் கொடுப்பதில்லை, அது உங்களுக்கும் தெரியும். படியில் வைத்தேன். அவர் விரலுக்கும் கத்திக்கும் ஒரு சாண் இருந்தது.

"எடுத்துக்குங்க சார்."

'ங்க' போட்டுத்தான் சொன்னேன்.

மாடு ஆறு தடவை இழுத்தது. ஏழாவது தடவைக்குப் பிறகு தலை வரவில்லை. கத்தியைத் துடைத்து மடித்துப் பையில் போட்டேன். அதன் பிறகு கத்தினேன். பறைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது என்று ஊர்வலத்தில் போனவர்கள் உங்களிடம் சாட்சி சொன்னார்கள், உண்மைதான், நன்றாகவே கத்தினேன். எப்போது கத்தினேன் என்பதை நீங்களும் கேட்கவில்லை. இடுப்புல கத்திய வச்சிக்கிட்டே செத்துருக்காரே, பாவம் சிட்டி ஆளு என்றுதான் சொன்னீர்கள். மாடு மிரண்டு இழுத்ததால் மரணம் என்று எழுதிக் கட்டை மூடினீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஊரில் அதைக் கொலைகார மாடு என்கிறார்கள், சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. மாடு இழுத்தது, அவ்வளவுதான். கொன்றது நான். நிலத்துக்காக, அப்பாவுக்காக.

இன்னும் ஒரே ஒரு விஷயம். காரியமெல்லாம் முடிந்து போன வாரம் அம்ருதா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு கவரை அப்பாவிடம் கொடுத்தார். நிலத்தை மொத்தமாக விற்கப்போவதாகவும், தனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது, மன்னிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். கவரில் அந்தப் பத்திரத்தின் நகல். இரண்டு தாள்.

அப்பா இரண்டாவது தாளை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். ஏன்ப்பா படிக்காம போட்டீங்க என்று அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"யாரு சொன்னா. நாலு நாளு வீட்டுல வச்சிருந்து, கூட்டிக் கூட்டிப் படிச்சுட்டுத்தான் போட்டேன். எனக்கு முட்டி போயிருச்சு பாப்பா, சேத்துல எறங்க முடியல. ஆறு மா குத்தகைய விட்டா ரெண்டு மா நம்ம பேருக்கே எழுதித் தர்றதா இதுல போட்டுருக்கு பாரு. அவரு போனாரே, அதுக்கு மறுநா புதன்கெழம பத்திர ஆபீசுக்கு வாங்கன்னுருந்தாரு."

பிறகு ஏன் அழுதீர்கள் என்றேன். முப்பது வருஷம் உழுத நிலம், விடும்போது கண்ணு கலங்காதா என்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"ஒங்கிட்டச் சொன்னா சண்டைக்கு வருவ. பத்திரத்தக் கொண்டாந்து காட்டிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

விசாரித்துவிட்டேன். முதல் பக்கம் தாலுகா ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அது செல்லும். இரண்டாம் பக்கம், அவர் வந்து பதிந்து கொடுத்திருந்தால் செல்லும்.

நான் பட்டதாரி மேடம். கண்ணில் பட்ட தாளை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். முக்கியமான விஷயத்தை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாதது யாருடைய தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.