பதினாலாம் கல்லுக்கு அப்பால்

— அந்தக் கொடியை அங்க நடாத பாப்பா.

— ஏன் மாமா? சுரங்கக்காரங்க வரிசையா நட்ட கல்லுல பதினாலாவது இதுதானே? இங்கேருந்து தண்ணி ஓரமாவே பத்தொம்பதாம் கல்லு வரைக்கும் பாதை. நேத்தே முடிவு பண்ணியாச்சு.

— நேத்து நீ வீட்டுல உக்காந்து பேப்பர்ல கோடு போட்ட. இப்ப இடத்தைப் பார்த்துட்டு நான் சொல்றேன். பழையபடி மேட்டைச் சுத்தியே போகட்டும்.

— மேட்டைச் சுத்தினா பாக்க என்ன இருக்கு? புல்லும் வேலியும். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஊர்வலத்துக்கு இருநூறு சைக்கிள் வருது மாமா. எங்கெங்கேருந்தோ வராங்க. நிலக்கரி தோண்டின குழி இன்னைக்கு ஏரியாகி நிக்குது, கொட்டின மண்ணு காடா நிக்குதுன்னு காட்டத்தானே இவ்வளவு பாடு? ஏரியை விட்டுட்டுப் புல்லைக் காட்டச் சொல்றீங்க.

— உயிரோட இருந்து புல்லைப் பார்த்தாப் போதும்.

— ஆரம்பிச்சுட்டீங்களா! வர்ற வழியெல்லாம் நல்லாத்தானே வந்தீங்க? இந்த வயசுல சரளைப் பாதையில இப்படி மிதிக்கிறாரே மனுஷன்னு எனக்கே பெருமையா இருந்துச்சு. பதினாலாம் கல்லைப் பார்த்ததும் மிரண்ட மாடு மாதிரி நின்னுட்டீங்க.

— டம்பர் லாரி ஓட்டினவனுக்குச் சைக்கிள் ஒரு வண்டியா? கேளு பாப்பா. முதுகு நிறைய மண்ணை ஏத்திக்கிட்டு இதே இடத்துல பதினோரு வருஷம் ரிவர்ஸ் எடுத்தவன் நான். எனக்கு வண்டியும் தெரியும், மண்ணும் தெரியும்.

— எங்கப்பாவுக்குத் தெரியாததா? நீங்க கொட்டிட்டுப் போயிடுவீங்க. அதுமேல ரோலர் ஓட்டி இறுக்கினது அவருதான்.

— இல்லைன்னு யாரு சொன்னா? ரோலர்ல உங்கப்பனை மிஞ்ச ஆளே கிடையாது.

— அப்ப என்ன பயம்? அவர் நோட்டு இங்கேயே இருக்கு. பாருங்க, பையிலயே வச்சிருக்கேன். அம்மா பெட்டியில பூட்டி வச்சிருந்தது, அவங்க போனப்புறம் என் கைக்கு வந்துச்சு. எந்தக் கல்லுலேருந்து எந்தக் கல்லு வரைக்கும், எத்தனாவது அடுக்கு, அதுமேல எத்தனை தடவை ரோலர் ஓடுச்சு, எல்லாம் எழுதியிருக்காரு. அதை வச்சுத்தான் இந்தப் பாதையையே எடுத்தேன்.

— அந்தக் கடைசிப் பக்கத்தை நம்பாத.

— கடைசிப் பக்கமா?

— பதினாலுலேருந்து பத்தொம்பது வரைக்கும் ஒரே நம்பரா இருக்கும். பன்னெண்டு, பன்னெண்டு, பன்னெண்டு.

— உங்க கையில நான் இந்த நோட்டைக் குடுத்ததே இல்லையே மாமா.

— குடுக்கலை.

— பின்ன எப்படித் தெரியும்? குடுத்தாலும் உங்களால படிக்க முடியாதே. என் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து போடச் சொன்னா கட்டை விரலை மையில முக்கின ஆளு நீங்க.

— அப்ப... அப்ப ஊரெல்லாம் பேசினாங்க. அதை விடு. நியாயமா யோசி. எட்டு தடவை ஓட்டினா மண்ணு இறுகிடும். மத்தப் பக்கமெல்லாம் ஏழு, எட்டு, ஒம்பதுன்னு ஏறி இறங்கி இருக்குல்ல? வேலை செஞ்சவன் கணக்கு அப்படித்தான் இருக்கும். எட்டு போதும்கிற இடத்துல எவனாவது வரிசையாப் பன்னெண்டு ஓட்டுவானா?

— அவ்வளவு கவனமா செஞ்சிருக்காருன்னு அர்த்தம்.

— கவனமில்ல பாப்பா. பயம். பயந்தவன்தான் நாலு சேர்த்து எழுதுவான்.

— எங்கப்பா பொய்க் கணக்கு எழுதினாருன்னு சொல்றீங்களா?

— நான் அப்படிச் சொல்லலை.

— வேற எப்படி? நேராச் சொல்லுங்க.

— அந்தக் கடைசி மாசம் ரோலர் படுத்துடுச்சு. சாமான் வரலை. சுரங்கத்தை மூடியாச்சுன்னு தேதிக்குள்ள காட்டணும், காட்டினாத்தான் அடுத்த சைட்டுக்கு ஆள் எடுப்பாங்க. அதனால விளிம்புல நின்னு மண்ணை அப்படியே கவுத்துட்டோம். அடுக்கும் கிடையாது, ரோலரும் கிடையாது. மேல செடியை நட்டுட்டுக் கிளம்பிட்டோம்.

— இருபத்திரண்டு வருஷமாச்சு. அதுவே இறுகியிருக்கும். போன வாரம் நடந்து பார்த்தேனே, கல்லு மாதிரி இருந்துச்சு.

— அதுக்கப்புறம் நாலு நாள் மழை. ஏரித் தண்ணியை இறைக்கிற பம்பையும் நிறுத்திட்டாங்க. தண்ணி எங்க ஏறியிருக்கு பாரு. அந்த மரத்தையெல்லாம் பாரு. இந்தப் பக்கம் நேரா நிக்குது. கல்லுக்கு அந்தப் பக்கம் மொத்தமும் குடிகாரன் மாதிரித் தண்ணியைப் பார்த்துச் சாஞ்சு கிடக்குது.

— காத்துக்குச் சாஞ்சிருக்கும்.

— காத்து கல்லுக்கு அந்தப் பக்கம் மட்டுமா அடிக்கும்?

— மாமா, போதும். எங்கப்பா போகும்போது எனக்கு அஞ்சு வயசு. அவர் முகம்கூட போட்டோவுலதான் ஞாபகம் இருக்கு. எனக்குன்னு அவர் விட்டுட்டுப் போனது இந்த நோட்டு ஒண்ணுதான். செத்தவரு வந்து பதில் சொல்ல மாட்டாருங்கிற தைரியத்துல பேசாதீங்க. நான் ஓட்டியே காட்டுறேன்.

— பாப்பா, ஆழம் தெரியாம காலை விடாத. ஏய், நில்லு! ஏறாத!

— கொடியைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே நில்லுங்க!

— திரும்பி வா! சொன்னா கேளு!

— பாருங்க, எவ்வளவு நல்லா உருளுது! ரோடு மாதிரி இருக்கு! பதினஞ்சாம் கல்லைத் தொட்டுட்டு வரேன்!

— அழுத்தி மிதிக்காத! அதிர்வு குடுக்காத!

— கத்தாதீங்க, எனக்கு ஒண்ணும்... மாமா.

— என்ன?

— மாமா, கீழ ஆடுது.

— அப்படியே நில்லு. பிரேக்கைச் சட்டுனு பிடிக்காத. தானா நிக்கட்டும். நின்னுச்சா?

— நின்னுடுச்சு. முன் சக்கரம் இறங்குது மாமா. தண்ணி ரொப்பின பை மேல நிக்கிற மாதிரி இருக்கு.

— காலைக் கீழ ஊனாத. ஊனிட்டியா?

— ஊனிட்டேன். கணுக்கால் வரைக்கும் போயிடுச்சு.

— இழுக்காத, குதிக்காத. நான் சொல்றதை மட்டும் செய். சைக்கிளை மெதுவா உன் பக்கமாச் சாய்ச்சுப் படுக்க வை. அதுமேல நீ குப்புறப் படு. பாரம் ஒரே இடத்துல இருக்கக் கூடாது.

— படுத்துட்டேன். பின்னாடி ஏதோ சத்தம் கேட்டுச்சு. என்ன அது?

— ஒண்ணுமில்ல.

— பொய் சொல்லாதீங்க!

— நிலத்துல ஒரு விரிசல் விழுந்திருக்கு. உனக்கும் எனக்கும் நடுவுல. ஒரு சாண்தான் இருக்கும். அது விரியறதுக்குள்ள நீ இந்தப் பக்கம் வந்துடணும். கணுக்காலை மெதுவா சுத்து. இறுகின வளையலை உருவுற மாதிரி, ஆட்டி ஆட்டி.

— வருது... வந்துடுச்சு. ஷூ உள்ளேயே நின்னுடுச்சு.

— போனாப் போகுது. இனி தவழ்ந்து வா. வந்த தடத்துலயே வா, டயர் கோடு தெரியுதுல்ல, அதை விட்டு விலகாத. பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு வா.

— இருங்க, பை சைக்கிள்ல மாட்டியிருக்கு. நோட்டு உள்ள இருக்கு.

— விட்டுடு.

— கைக்கு எட்டுற தூரம்தான் மாமா.

— விட்டுடுன்னு சொல்றேன்ல!

— அது தொலைஞ்சா உங்களுக்கு நல்லதுதானே? எனக்கு அது—

— உனக்கு நோட்டு வேணுமா, உயிரு வேணுமா? உங்கம்மா சாகும்போது என் கையைப் பிடிச்சு நோட்டைப் பார்த்துக்கோன்னு சொல்லலை. உன்னைப் பார்த்துக்கோன்னு சொன்னா. வா! இல்லேன்னா நான் உள்ள வரேன்.

— நீங்க வராதீங்க! வரேன். வந்துக்கிட்டே இருக்கேன்.

— அப்படித்தான். முழங்கையை ஊனாத, கையை விரிச்சுப் போடு. இன்னும் பத்தடி. இன்னும் கொஞ்சம். இந்தக் கொடிக் கம்பைப் பிடி. பிடிச்சுட்டியா? நான் இழுக்கிறேன், நீ உதைக்காத.

— மாமா!

— வந்துட்ட. வந்துட்ட பாப்பா. கல்லுக்கு இந்தப் பக்கம் வந்தாச்சு. இது ரோலர் ஓடின மண்ணு. இங்க ஒண்ணும் ஆகாது. உக்காரு.

— சைக்கிள்... அய்யோ, மாமா, சைக்கிள் போகுது பாருங்க. மரமெல்லாம் சேர்ந்து போகுது.

— பார்க்காத.

— கரை ஒரு தெரு நீளத்துக்குப் போயிடுச்சே. சத்தமே இல்லாம தண்ணிக்குள்ள போயிடுச்சே. நாளைக்கு ஏழு மணிக்கு இதுமேலதானே...

— நாளைக்கு நடக்காம இன்னைக்கே நடந்துச்சுல்ல. விடு. மூச்சை இழுத்து விடு. கால் சரியா இருக்கா? அசைச்சுக் காட்டு.

— கால் இருக்கு. அப்பாதான் போயிட்டாரு.

— என்ன பேச்சு இது?

— அவரு எழுதினது ஒரு எழுத்துகூடத் தப்பா இருக்காதுன்னு நம்பினேன் மாமா. ராத்திரி தூக்கம் வராதப்ப அந்த நம்பரைத் தடவித் தடவிப் பார்ப்பேன். பாதைக்கே ‘ரோலர்காரர் பாதை’ன்னு பேர் வச்சுப் போர்டு அடிச்சு வச்சிருக்கேன். அந்தப் போர்டைக் கழட்டிடணும். இருநூறு பேரைக் கொல்ல இருந்த மனுஷன் பேரு எதுக்கு?

— போர்டைக் கழட்டாத.

— எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அதை மாட்டுறது? ஆனா ஒண்ணு மாமா. நோட்டும் தண்ணியோட போச்சு. இனிமே அவர் பொய் எழுதினாருன்னு யாருக்கும் தெரிய வேண்டாம். மழையில கரை சரிஞ்சுடுச்சுன்னு சொல்லிடுவோம். உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சா போதும். சத்தியம் பண்ணுங்க.

— முதல்ல முகத்துல இருக்கிற சேத்தைத் துடை.

— மாமா, சத்தியம் பண்ணுங்க.

— என் சைக்கிள்ல கட்டியிருக்கிற அட்டையை எடு. மைப்பேனாவையும் எடு.

— எதுக்கு?

— யாராவது வர்றதுக்குள்ள இங்க எழுதி வைக்கணும்ல. பதினாலுலேருந்து பத்தொம்பது வரைக்கும் யாரும் போகக் கூடாதுன்னு.

— கையெல்லாம் சேறா இருக்கு. கொஞ்சம் பொறுங்க, எழுதுறேன்.

— இங்க குடு.

— உங்களுக்குத்தான் எழுத வராதே.

— குடு பாப்பா.

— மாமா... நீங்க எழுதுறீங்க.

— ம்.

— எப்பலேருந்து மாமா?

— முப்பது வயசுக்கு மேல. ஷிஃப்ட் முடிஞ்சு ஷெட்டுல உக்காந்து கத்துக்கிட்டேன். ஆட்டாத, அட்டையை நேராப் பிடி.

— இந்த ஒம்பது... வாலைக் கீழ இழுத்து, சுருட்டி... இந்த ஒம்பது எனக்குத் தெரியும். விரலால தடவித் தடவி மனப்பாடமா தெரியும். மாமா, இது அப்பாவோட கையெழுத்து.

— உங்கப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது பாப்பா. சாயங்காலம் வந்து சொல்லுவான், நான் எழுதுவேன். அன்னைக்கு அவன், ‘ஒரு தடவைகூட ஓட்டலை, உள்ளதை உள்ளபடியே எழுது மச்சான்’னுதான் சொன்னான், பன்னெண்டு போட்டது இந்தக் கை.