மீன்தொட்டி ஒழுகும் நாட்கள்

— அந்த ஸ்விட்சைத் தொடாதீங்க அத்தை! ஒண்ணொண்ணா அணைச்சுப் பாக்கணும்.

— நான் எங்கடி தொட்டேன்? தூசி தட்டினேன். அம்மாடி, மணி ஆறாகப்போகுது. மீன்தொட்டி எங்கயும் ஓடிப்போகாது. நீ கிளாசுக்குக் கிளம்பு.

— இன்னிக்குப் போகலை.

— போகலையா? புதன்கிழமை ஆச்சே!

— அதனாலதான் போகலை. என் நோட்டைப் பாருங்க, மூணு வாரமா எழுதறேன். திங்கள், தரை ஈரம். செவ்வாய் காய்ஞ்சிருக்கு. புதன் ஈரம். வியாழன் காய்ஞ்சிருக்கு. வெள்ளி ஈரம். நான் கிளாசுக்குப் போற நாளாப் பாத்து ஒழுகுது.

— மீனுக்கு உன்னைப் பிடிச்சுப்போச்சு. நீ இல்லேன்னா அழுவுதுங்க.

— சிரிக்காதீங்க அத்தை. உப்புத் தண்ணி, பலகையெல்லாம் ஊறி உப்பிக் கிடக்கு. கீழ்வீட்டு கார்டு சார் சமையல்கட்டுல வாளி வச்சுப் பிடிக்கிறார். ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டிட்டு ரிட்டயர் ஆன மனுஷனுக்கு இது தேவையா?

— அவர் ஒண்ணும் சொல்லலையே.

— சொல்லாமயா ஒவ்வொரு தடவையும் படியேறி வந்துட்டுப் போறார்? நேத்து உங்க பிள்ளை போன்ல கத்தறார். சாயங்காலம் வீட்டுல இருந்து பாத்துக்கோ, முடியலேன்னா தொட்டியை யாருக்காவது குடுத்துடுங்கறார்.

— அவன் கெடக்கான். கப்பல்ல வேலை பாக்கறவனுக்கு அங்க இருக்கற கடல் பத்தலையாம், வீட்டுல வேற ஒண்ணு வேணுமாம்.

— நான் முடிவு பண்ணிட்டேன் அத்தை. இன்னிக்குக் கோளாறு என்னன்னு தெரியலேன்னா கிளாசை விட்டுடறேன்.

— என்னது! அடுத்த மாசம் பரீட்சை!

— மோட்டார் ரிப்பேர் படிக்கிறவளுக்கு வீட்டு மோட்டாரே பிடிபடலை. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பரீட்சை எழுதறது? சரி, டார்ச்சைக் காட்டுங்க. கீழே, அலமாரிக்குள்ள. உங்க முகத்துக்கு இல்லை அத்தை... பவுடர் போட்டிருக்கீங்களா?

— வேர்க்குது, அதான்.

— ம். இது ஹீட்டர், ஒழுங்கா இருக்கு. இது நுரை எடுக்கற மெஷின். மீன் கழிவை நுரையாக்கி இந்தக் கிண்ணத்துல சேர்க்கும். கிண்ணம்தான் பொங்கி வழியுது. ஏன் பொங்குதுன்னுதான் தெரியலை. கழட்டிக் கழுவியாச்சு. நான்தான் எதையோ தப்பா மாட்டிட்டேனோன்னு ரெண்டு தடவை பிரிச்சு மாட்டியாச்சு.

— உன் கை பட்டா எல்லாம் சரியாத்தான் இருக்கும்.

— அப்ப மிச்சம் இந்தப் பம்புதான். கீழ்த்தொட்டித் தண்ணியை மேல்தொட்டிக்கு ஏத்தறது. இதை மட்டும் அணைச்சுப் பாக்கறேன்.

— வேணாம்டி! மீனுக்கு மூச்சு முட்டும்.

— அஞ்சு நிமிஷத்துல என்ன ஆயிடும்? இதோ... அட, வீடே அமைதியாயிடுச்சு. பாருங்க, மேல்தண்ணி இறங்குது. கீழ்த்தொட்டி ஏறுது. நுரை மெஷின் முங்குது. கிண்ணம்... அத்தை, கிண்ணத்தைப் பாருங்க!

— பாத்துட்டேன், பாத்துட்டேன். ஸ்விட்சைப் போட்டுத் தொலை!

— போட்டாச்சு. நல்லவேளை, அடியில துணி விரிச்சு வச்சிருந்தேன். ஆக, பம்பு மட்டும் நின்னாத்தான் பொங்குது. கரண்ட் போனா பம்பும் நுரை மெஷினும் சேர்ந்து நின்னுடும், பொங்காது. இந்தப் பம்பு ஏன் தனியா நிக்குது? வயர் லூசா?

— வயர்தான். வயரேதான்.

— வயர் புதுசு, நானே மாத்தினேன். நான் மாத்தினதாலதானோ என்னவோ... இருங்க, நோட்டைப் பாக்கறேன். "திங்கள். எட்டரைக்கு வீடு வந்தேன். தரை ஈரம். பம்பு ஓடுது." ஓடுதா? நின்ன பம்பு எப்படித் திரும்ப ஓடும்? "புதன். தரை ஈரம். பம்பு ஓடுது. தொட்டி முன்னாடி ரெண்டு நாற்காலி." "வெள்ளி. ஈரம். ரெண்டு டீ கப் கழுவிக் கவுத்திருக்கு."

— அதையெல்லாமா எழுதுவே?

— கண்ணுல படறதெல்லாம் எழுதுன்னு வாத்தியார் சொல்லியிருக்கார். அத்தை, நீங்க தனியா இருக்கறப்போ எதுக்கு ரெண்டு கப்?

— ஒரு கப்புல சூடு ஆறலேன்னா இன்னொண்ணுல ஊத்தி...

— ரெண்டு நாற்காலி?

— கால் நீட்டிக்க.

— சரி, எனக்கு இது விளங்கப்போறதில்லை. வாத்தியாருக்குப் போன் பண்ணி, இனிமே வரலைன்னு சொல்லிடறேன்.

— வையடி போனை! நான்தான். நான்தான் அந்தப் பம்பை அணைக்கறேன். போதுமா?

— நீங்களா! எதுக்கு?

— முதல் தடவை சத்தியமாத் தெரியாமத்தான். இரை போட்டா தண்ணி அடிச்சிட்டுப் போகுதேன்னு அணைச்சேன். அது வழிஞ்சு கீழே சொட்டி, அந்த மனுஷன் வாளியும் கையுமா வந்து நின்னார். பாவம், அவரும் தனிக்கட்டை. மன்னிச்சுக்குங்கன்னு சொல்லி ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். மீனைப் பாத்துக்கிட்டே உக்காந்தவர், ஒரு தடவை ஸ்டேஷன்ல இவரை விட்டுட்டு ரயில் மட்டும் கிளம்பிப் போன கதையைச் சொன்னார் பாரு! உன் மாமனார் போனதுக்கப்புறம் நான் வாய்விட்டுச் சிரிச்சது அன்னிக்குத்தான்.

— அதுக்காக வாரம் மூணு நாளா?

— கதை பாதியில நின்னுடுச்சுடி, மிச்சத்தைக் கேக்க வேணாமா? சொட்டலேன்னா அவர் எதுக்கு மாடி ஏறி வரப்போறார்? சும்மா வாங்கன்னு கூப்பிட எனக்கு வெக்கமா இருக்காதா?

— நான் மூணு வாரமா என்னையே திட்டிக்கிட்டிருக்கேன் அத்தை!

— தப்புதான். நீதான் கண்டுபிடிச்சுட்டியே, கெட்டிக்காரி. வெள்ளிக்கிழமை ஒழுங்கா கிளாசுக்குப் போ. இனிமே அந்த ஸ்விட்ச் பக்கமே போகமாட்டேன். அவரும் இனி வரமாட்டார். அது அதோட போகட்டும்.

— பெல் அடிக்குது.

— நீ போய்த் திற. இரு, இரு. என் தலை கலைஞ்சிருக்கா?

— நல்லாத்தான் இருக்கு... வாங்க சார். என்ன, கையில வாளி? இன்னிக்கு ஒரு சொட்டுகூட இறங்கியிருக்காதே!

— அதாம்மா. மணி ஆறரையாச்சு, வாளி காஞ்சு கிடக்கு. உங்க அத்தைக்கு உடம்பு ஏதும் சரியில்லையோன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.